உடன்குடிக் கருப்பட்டியும் உருவமைப்பு ஆராய்ச்சியும்

உடன்குடி என்ற பெயரைக் கேட்டவுடன் நாவில் நீர் ஊறாத தமிழர் வெகு சிலரே இருப்பார்கள். தாமிரபரணிப் பாசனத்தின் பச்சை வயல்கள் பின்தங்கிவிட, செம்மணல் தேரிகளும் பனங்காடுகளும் தொடங்கும் இடத்தில், திருச்செந்தூருக்குத் தென்மேற்கே இருக்கிறது இவ்வூர். பழைய திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்திருந்து, 1986-ஆம் ஆண்டு முதல் தூத்துக்குடி மாவட்டத்தில் அடங்கியது. இவ்வூரின் கருப்பட்டிக்கு இருக்கும் கியாதியைப் பற்றி நாம் புதிதாக எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சுக்குக் காப்பி குடித்துப் பழகிய எந்தப் பாட்டியம்மாளைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

இவ்வளவு இனிப்பான ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டு, 'உருவமைப்பு ஆராய்ச்சி' என்ற பயங்கரமான சொற்றொடரைத் தலைப்பிலே வைப்பானேன் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். 'டிசைன்' என்று எல்லோரும் சொல்லும் காரியத்தையே நாம் இங்கே உருவமைப்பு என்கிறோம். நாற்காலி, விளக்கு, பாத்திரம், கருவி, பெட்டி, புடவைக் கரை ஆகிய எதுவானாலும், அது இன்ன உருவத்தில், இன்ன அளவில், இன்ன பொருளால் இருக்க வேண்டும் என்று முடிவு செய்வதே அந்தத் தொழில். அவ்வாறு முடிவு செய்வதற்கு முன்னால், அப்பொருளைக் கையாளப் போகிறவர் யார், அவர் கையும் காலும் எப்படி இயங்குகின்றன, அவர் வீட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது, எவ்வளவு பணம் இருக்கிறது என்றெல்லாம் முறையாக விசாரித்து அறிவதே உருவமைப்பு ஆராய்ச்சி.

தொழில் செய்கிற உருவமைப்பாளர்களில் பலருக்கு இந்த ஆராய்ச்சி என்ற சொல்லைக் கேட்டாலே சலிப்பு உண்டாகிறது. "எங்களிடம் வருகிறவர் அடுத்த வாரம் படம் வேண்டும் என்கிறார், ஆராய்ச்சி செய்ய அவகாசம் ஏது? பண்டிதர்கள் எழுதும் கட்டுரைகள் மற்றப் பண்டிதர்கள் படிப்பதற்கே ஆகின்றன. எங்கள் பென்சிலுக்கு அவற்றால் என்ன பிரயோஜனம்?" என்று அவர்கள் கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்கு விடை காண நாம் பெரிய கலாசாலைகளுக்குப் போக வேண்டாம். ஒரு பனைமரத்தடிக்குப் போனால் போதும்.

பதநீர்க் காலத்தில் ஒரு பனைத் தொழிலாளி ஏறுக்குறைய முப்பது நாற்பது மரங்களை ஏற்றுக்கொள்கிறார். ஒவ்வொரு மரத்திலும் காலையும் மாலையும் ஏற வேண்டும். காலில் தளைநார், இடுப்பில் அரிவாள் பெட்டி, பதநீரை இறக்கிக் கொண்டுவரக் குடுவை. நாற்பது, ஐம்பது, சில மரங்களில் அறுபது அடி உயரம் ஏறி, கருக்கு மட்டைகளுக்கு நடுவில் உடலைப் பொருத்திக்கொண்டு, இரண்டு கைகளையும் விடுவித்து, பாளையின் நுனியை ஓலைக் கனத்துக்குச் சீவ வேண்டும். கொஞ்சம் அதிகமாகச் சீவினால் பாளை சீக்கிரம் தீர்ந்துபோகும். குறைவாகச் சீவினால் பதநீர் சுரக்காது. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவ வேண்டும். இல்லாவிடில் பதநீர் புளித்துக் கள்ளாகிவிடும். பிறகு இறங்கி அடுத்த மரம். கை தவறினால் உயிருக்கு ஆபத்து. உயிர் தப்பினாலும் முதுகெலும்பு முறிந்து படுக்கையில் கிடக்க நேரும். தகப்பனார் ஏறிய மரத்தில் மகன் ஏற மறுப்பதில் ஆச்சரியம் என்ன?

எனவே, பனை ஏறுவதற்கு ஒரு நல்ல கருவி வேண்டும் என்ற கோரிக்கை பல காலமாக எழுந்து வருகிறது. தென்னை ஏறுவதற்கென்று கேரளத்தில் தோன்றி நன்றாகப் பரவிய இரும்புக் கருவி ஒன்று இருக்கிறது. இரண்டு காலுக்கும் இரண்டு மிதி. ஒவ்வொன்றிலும் மரத்தைச் சுற்றிப் பிடிக்கும் கம்பி வடம். அதைக் கொண்டு பழக்கமில்லாதவரும் தென்னை ஏறிவிடலாம். நகரத்தில் உள்ள ஒரு சாமர்த்தியசாலி, மேஜை முன் உட்கார்ந்து, "தென்னையும் உயர்ந்த மரம், பனையும் உயர்ந்த மரம், வடத்தைச் சற்றே நீளமாக்கினால் போயிற்று" என்று எண்ணுவது மிகவும் இயற்கை. படம் அழகாக வரும். இரும்புப் பட்டறையில் கருவியும் தயாராகும்.

இங்கேதான் ஒரு சிறு கணக்குப் போட வேண்டியிருக்கிறது. தென்னையில் காய் பறிப்பது ஏறக்குறைய நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு முறை. கருவியை மரத்தில் பூட்டவும் கழற்றவும் மூன்று நிமிஷம் ஆனாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பனையிலோ, நாற்பது மரங்களில் நாளுக்கு இரு தடவை. அதாவது எண்பது தடவை பூட்டிக் கழற்ற வேண்டும். தடவைக்கு மூன்று நிமிஷம் என்றால் மொத்தம் 240 நிமிஷம். நான்கு மணி நேரம்! பாளை சீவும் வேலை இன்னும் தொடங்கவேயில்லை. பதநீர் வெயில் ஏறுவதற்குள் அடுப்புக்குப் போய்ச் சேர வேண்டிய பொருள் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டால், இந்த நான்கு மணி நேரத்தின் விலை விளங்கும்.

இன்னொன்று. தென்னையில் கருவியின் மேல் நின்றபடியே குலையை வெட்டிவிடலாம். பனையில் கருவி போய் முட்டி நிற்கும் இடத்தில்தான் தொழிலாளியின் வேலை தொடங்குகிறது. அவர் அங்கிருந்து மட்டைகளின் மேல் கால் மாற்றி ஏறி உட்கார வேண்டும். வேலை முடிந்ததும் திரும்பவும் காலை மிதிக்குள் செலுத்த வேண்டும். கீழிருந்து பார்க்கிறவருக்கு ஏறுவதும் இறங்குவதுமே ஆபத்தாகத் தோன்றும். ஆனால் கருவியைக் கொண்டு ஏறுகிறவருக்கு, அதை விட்டு மரத்துக்கு மாறும் அந்த ஒரு கணந்தான் புதிதாக வந்து சேர்கிற ஆபத்து. இரண்டு நாள் மரத்தடியில் நின்று, ஒரு கடிகாரமும் ஒரு நோட்டுப் புத்தகமும் வைத்துக்கொண்டு கவனித்தவருக்கு இது தெரியும். மேஜை முன் உட்கார்ந்தவருக்கு எத்தனை மேதை இருந்தாலும் தெரியாது. ஆராய்ச்சி என்று நாம் சொல்வது இவ்வளவுதான். கட்டுரை எழுதுவது பிற்பாடு வரட்டும்.

நமது தேசிய இயக்கத்தின் சரித்திரத்திலேயே இதற்கு ஒரு நல்ல உதாரணம் கிடைக்கிறது. 1929-ஆம் ஆண்டில் அகில பாரத சர்க்கா சங்கம் ஒரு லட்சம் ரூபாய்ப் பரிசு ஒன்றை அறிவித்தது. சிறந்த கைராட்டினம் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொடுப்பவருக்கே அப்பரிசு. லட்சம் ரூபாய் என்பது அந்நாளில் மலைக்க வைக்கும் தொகை. ஆனால் நமக்கு முக்கியமாகத் தோன்றுவது தொகை அன்று, நிபந்தனைகள். ராட்டினம் சாதாரணக் குடிசையில் வைத்துக் கையாலோ காலாலோ இயக்கக் கூடியதாக இருக்க வேண்டும். ஒரு பெண்மணி அதிகச் சிரமமின்றி எட்டு மணி நேரம் வேலை செய்யக் கூடியதாக இருக்க வேண்டும். அந்த எட்டு மணி நேரத்தில் 12 முதல் 20 நம்பர் வரையிலான நூலைக் குறிப்பிட்ட அளவு நூற்க வேண்டும். விலை 150 ரூபாய்க்கு மேற்படக் கூடாது. சரியாகப் பராமரித்தால் இருபது வருஷம் உழைக்க வேண்டும்.

இந்த நிபந்தனைகளைச் சற்றே ஊன்றிப் படியுங்கள். ஒவ்வொன்றின் பின்னாலும் கிராமத்து வீட்டைக் கூர்ந்து பார்த்த கண் ஒன்று தெரிகிறது. பெண்ணின் உடல் வலு, குடிசையின் இடம், குடும்பத்தின் வரும்படி எல்லாம் அங்கே இருக்கின்றன. பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை என்பது உண்மையே. வந்த எந்த ராட்டினமும் எல்லா நிபந்தனைகளையும் நிறைவேற்றவில்லை. பரிசு கொடுக்க மறுத்ததும் அந்த ஆராய்ச்சியின் பயன்தான் என்று நாம் கருதுகிறோம். தகுதியற்ற இயந்திரம் ஒன்று ஆயிரக்கணக்கான வீடுகளுக்குள் நுழையாமல் அது தடுத்தது அல்லவா?

பிற்பாடு 1940-களின் இறுதியில், திருநெல்வேலி ஜில்லாவைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் என்பவர் ஆலை இயந்திரத்தின் நூற்பு முறையைச் சுருக்கிக் கைராட்டினத்தில் அமைத்துக் காட்டினார். அவருடைய பெயரிலிருந்தே அதற்கு 'அம்பர் சர்க்கா' என்ற பெயர் வந்தது. தாமிரபரணிச் சீமையில் பிறந்த புத்தி பாரதம் முழுவதும் சுழன்றது என்பது நமக்குப் பெருமை தரும் விஷயம். 1956-இல் மத்திய சர்க்கார் அதைப் பற்றி விசாரிக்கக் கமிட்டி அமைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் நாடெங்கும் ஏராளமான அம்பர் சர்க்காக்கள் வினியோகிக்கப்பட்டன. அவற்றில் பல உபயோகமின்றிக் கிடந்தன என்பதையும் மறைக்கக் கூடாது. பழைய ராட்டினம் கெட்டால் உள்ளூர்த் தச்சர் பார்த்துக்கொள்வார். நுட்பமான புதிய சர்க்கா கெட்டால் யாரிடம் போவது? கண்டுபிடிப்பு உயர்ந்ததாகவே இருந்தது. அது போய்ச் சேர்ந்த வீட்டைப் பற்றிய விசாரணை அதன் வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை.

இதே காலத்தில், இந்திய சர்க்காரின் அழைப்பின் பேரில், அமெரிக்க உருவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதிகள் நம் தேசத்தைச் சுற்றிப் பார்த்து, 1958-இல் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய உருவமைப்பு நிலையம் தோன்றியதற்கு அவ்வறிக்கையே வித்து. பெரிய பெரிய யந்திரங்களையும் மாளிகைகளையும் விட்டுவிட்டு, அவர்கள் அதில் வியந்து போற்றிய பொருள் என்ன தெரியுமா? நம் வீட்டுச் செம்பு! ஒரு செம்பைப் புதிதாக உருவமைக்க வேண்டுமானால் எத்தனை கேள்விகளுக்கு விடை தெரிய வேண்டும் என்று அவர்கள் வரிசைப்படுத்தினார்கள். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், தூக்குகிறவர் ஆணா பெண்ணா குழந்தையா, தலையில் வைப்பதா இடுப்பில் வைப்பதா, நிறைந்திருக்கும்போது எப்படி நிற்கும், வெறுமையாக இருக்கும்போது எப்படி நிற்கும், உள்ளே கை விட்டுத் துலக்க முடியுமா, கடைசியில் உடைத்து விற்றால் என்ன கிடைக்கும் என்றெல்லாம் அந்த விசாரணை நீண்டுகொண்டே போகிறது. செம்பைச் செய்த கன்னார் யாரும் இக்கேள்விகளைக் காகிதத்தில் எழுதவில்லை. பல தலைமுறைகளாகச் செய்து பார்த்து, தப்பைத் திருத்தித் திருத்தி விடை கண்டிருக்கிறார்கள்.

நம் ஊர்த் தெருக் குழாயடியில் வரிசையாக நிற்கும் பிளாஸ்டிக் குடங்களைப் பாருங்கள். பித்தளை போய்விட்டது; கனம் போய்விட்டது; நிறம் மாறிவிட்டது. ஆனால் குறுகிய கழுத்தும் உருண்ட வயிறும் அப்படியே இருக்கின்றன. பெண்களின் இடுப்பும் முழங்கையும் மாறவில்லை. ஆகையால் குடமும் மாறவில்லை. பழைய உருவத்தைப் பின்பற்றிய பிளாஸ்டிக் உற்பத்தியாளர் தெரிந்து செய்தாரோ தெரியாமல் செய்தாரோ, பல நூறு வருஷத்து ஆராய்ச்சியின் பலனை இனாமாகப் பெற்றுக்கொண்டார்.

ஆனால் தலைமுறை தலைமுறையாகக் காத்திருக்க இன்றைய உருவமைப்பாளருக்கு நேரம் இல்லை. அவர் சில வாரங்களில் விடை காண வேண்டும். அது முடியும் என்பதற்கு ஜயப்பூர் சாட்சி. அங்கே ஸவாய் மான்சிங் ஆஸ்பத்திரியில் டாக்டர் பி.கே. சேத்தி என்னும் ரண சிகிச்சை நிபுணர், செயற்கைக் கால் பெற்றுக்கொண்டு போன நோயாளிகள் அதைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடியும் கட்டைகளை ஊன்றித் திரிவதைக் கவனித்தார். கால் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது பூட்ஸ் போட்டுக்கொண்டு நாற்காலியில் உட்காருகிற மனிதனுக்காகச் செய்த கால்! நம்மவர்கள் செருப்பில்லாமல் நடக்கிறார்கள், சம்மணமிட்டு உட்காருகிறார்கள், குந்துகிறார்கள், சேற்று வயலில் இறங்குகிறார்கள். ராமசந்திர சர்மா என்ற கைவினைஞர் சேத்தியுடன் சேர்ந்து, ரப்பரைக் கொண்டு எப்பக்கமும் வளையக் கூடிய, நனைந்தாலும் கெடாத, வெறுங்காலைப் போன்றே தோன்றும் பாதத்தைச் செய்தார். 1968-இல் தோன்றிய அந்த 'ஜயப்பூர்க் கால்' பிற்பாடு பல தேசங்களுக்குச் சென்றது. அங்கே ஆராய்ச்சி செய்தவரும் கைவேலை செய்தவரும் ஒரே அறையில் இருந்தார்கள். நோயாளியும் பக்கத்திலேயே இருந்தார். பலித்ததற்கு அதுவே பெரிய காரணம் என்பது நமது அபிப்பிராயம்.

இனி, மீண்டும் உடன்குடிக்கு வருவோம். மரத்திலிருந்து இறங்கிய பதநீர் விடிலிக்குப் போகிறது. விடிலி என்பது பனங்காட்டுக்குள் ஓலையால் வேய்ந்த குடிசை. அங்கே பெரும்பாலும் வீட்டுப் பெண்களே காய்ச்சுகிறார்கள். புகை கண்ணைக் கரிக்கும். அனல் முகத்தில் அடிக்கும். அவர்களுக்குப் புகையில்லா அடுப்பு வேண்டாமா என்று கேட்டால், வேண்டும் என்றே நாமும் சொல்வோம். ஆனால் எந்த மாதிரி அடுப்பு?

புகையில்லா அடுப்பின் கதை நம் நாட்டில் நீண்டது. ஹைதராபாத்தில் டாக்டர் எஸ்.பி. ராஜு 1953-இலேயே அதைப் பற்றி நூல் எழுதினார். 1983-இல் தொடங்கிய தேசிய மேம்பட்ட அடுப்புத் திட்டம் 2002 வரை நடந்து, கோடிக்கணக்கில் அடுப்புகளை அமைத்தது. அவற்றில் மிகப் பல சில வருஷங்களுக்குள் கைவிடப்பட்டன. வாய்க்கு அடங்காத விறகு, வாய்க்குப் பொருந்தாத பாத்திரம், அடைத்துக்கொண்ட புகைபோக்கி ஆகிய காரணங்களே ஊருக்கு ஊர் கேட்கப்பட்டன. இவற்றில் எதுவும் பௌதிக சாஸ்திரத்தின் பிழை அல்ல.

விடிலி அடுப்பில் எரிவது பனை மட்டை, காய்ந்த ஓலை, உடை முள். இவற்றைச் சிறு துண்டுகளாக வெட்டித்தான் போட வேண்டும் என்றால், காய்ச்சுகிற அம்மாளுக்கு இன்னொரு வேலை வந்து சேரும். மேலும், சோறு ஆக்கும் அடுப்புக்கு நல்ல குணமாகிய ஒன்று இங்கே துர்க்குணமாக ஆகிவிடுகிறது. சூட்டை விடாமல் பிடித்து வைத்திருக்கும் அடுப்பையே நாம் சிறந்த அடுப்பு என்போம். கருப்பட்டிப் பாகு பதத்துக்கு வரும் அந்தச் சில நிமிஷங்களிலோ, தீயை ஒரே இழுப்பில் இழுத்துத் தணிக்க முடிய வேண்டும். சூடு நின்றுகொண்டிருந்தால் பாகு முறுகிப்போகும். அன்றையப் பாடு முழுவதும் வீண். சட்டியையே இறக்கிவிடலாமே என்றால், கொதிக்கும் பாகு நிறைந்த அகன்ற சட்டியை யார் இறக்குவது, எத்தனை பேர் வேண்டும் என்ற கேள்வி வருகிறது. பாகு பதம் பார்க்கும் கையை ஒரு நாள் முழுவதும் பார்த்திராத ஒருவர் இந்த அடுப்பை வரைவது, சமுத்திரத்தைப் பாராதவர் தோணி கட்டுவதைப் போன்றதே.

கருப்பட்டியைக் கட்டி அனுப்பும் விஷயத்திலும் இப்படித்தான். கருப்பட்டி காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக் கசியும் குணமுடையது. அதனாலேயே நம் முன்னோர் அதை ஓலைப்பெட்டியில் போட்டு, அடுப்புக்கு மேலே பரணில் வைத்தார்கள். ஓலைப்பெட்டி காற்றை விடும். அடுப்பின் சூடும் புகையும் ஈரத்தைப் போக்கும். நகரத்து உருவமைப்பாளர் ஒருவரிடம் இதற்கு அழகான உறை வேண்டும் என்று கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் உறையில் தங்க எழுத்தில் 'உடன்குடி' என்று பொறித்துக் கொடுக்கிறார். சரியாக உலராத கருப்பட்டியை அதில் இறுக மூடினால் என்ன ஆகும்? உள்ளேயே வியர்த்து, கடையில் இருக்கும்போதே பிசுபிசுக்கும். வாங்குகிறவர் உறையையா குறை கூறுவார்? "கருப்பட்டி கலப்படம்" என்பார். சர்க்கரை கலந்த போலிக் கருப்பட்டி சந்தையில் நடமாடும் இக்காலத்தில், அந்தச் சந்தேகம் பிறப்பதற்கு அதிக நேரம் ஆகாது. நஷ்டம் படம் வரைந்தவருக்கு அல்ல. வெயிலில் எண்பது தடவை ஏறி இறங்கியவருக்கு. ஊற்றிய கருப்பட்டி எத்தனை நாள் உலர்கிறது, எந்த மாதத்தில் எவ்வளவு ஈரம், வியாபாரி எங்கே அடுக்கி வைக்கிறார் என்று முன்பே கேட்டிருந்தால், உறையின் பொருளே வேறாக இருந்திருக்கும்.

சிரட்டையில் ஊற்றும் உருவத்தை மாற்றிச் சதுரக் கட்டிகளாக்கினால் பெட்டியில் அடுக்கச் சௌகரியமாக இருக்கும் என்றும் சிலர் சொல்லக் கூடும். இருக்கலாம். ஆனால் அரைவட்டமான அந்த உருவத்தைப் பார்த்தே 'இது கருப்பட்டி' என்று அடையாளம் காணும் குடும்பங்கள் எத்தனை என்று முதலில் விசாரிக்க வேண்டும். சிரட்டைக்குச் செலவில்லை என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆராய்ச்சியாளர்கள் பக்கத்திலும் குறை இல்லாமல் இல்லை. பனை வேலையைப் பற்றி ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதி, அதைப் பனையேறியும் படிக்க முடியாமல், பட்டறைக்காரரும் படிக்க முடியாமல் நூல் நிலையத்தில் பூட்டி வைப்பதனால் யாருக்கு லாபம்? எழுதியவருக்குப் பட்டம் கிடைக்கலாம். தொழில் உருவமைப்பாளர்களின் சலிப்புக்கு இதுவே பெரும் காரணம் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். அளவுகள், நேரக் கணக்கு, படங்கள், 'இதைச் செய்து பார்த்தோம், இக் காரணத்தால் பலிக்கவில்லை' என்ற குறிப்பு ஆகியவற்றைத் தமிழில் நாலு பக்கத்தில் கொடுத்தால் பட்டறையில் அது அழுக்கேறும் வரை புரட்டப்படும். பலிக்காத முயற்சிகளின் குறிப்பு மிகவும் முக்கியம். ஒருவர் தோற்ற அதே வழியில் அடுத்தவரும் போய்த் தோற்பதால் எத்தனை இரும்பும் எத்தனை பணமும் வீணாகின்றன!

செலவைப் பற்றிய ஆட்சேபம் மட்டும் நமக்கு விளங்கவில்லை. பிளாஸ்டிக் அச்சு ஒன்றுக்கோ இரும்புக் கருவியின் முதல் மாதிரிக்கோ ஆகும் தொகையோடு ஒப்பிட்டால், ஒருவர் உடன்குடிக்கு ரயிலும் பஸ்ஸும் ஏறிப் போய், ஒரு வாரம் தங்கி, பதநீரும் குடித்துவிட்டுத் திரும்பும் செலவு எம்மாத்திரம்?

2022-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு, பனை ஏறுவதற்குச் சிறந்த கருவியைக் கண்டுபிடிப்பவருக்கு விருது தருவதாக அறிவித்தது. மிகவும் வரவேற்கத்தக்க காரியம். இத்தகைய பரிசுகளுக்கு 1929-ஆம் வருஷத்து ராட்டினப் பரிசைப் போலவே நிபந்தனைகளை வகுக்கலாம் என்பது நமது யோசனை. பூட்டிக் கழற்ற இத்தனை விநாடிக்கு மேல் ஆகக் கூடாது. ஒருவரே தோளில் சுமந்து மரத்துக்கு மரம் போக வேண்டும். அடிமரத்தின் பருமனுக்கும் நுனியின் மெலிவுக்கும் ஈடு கொடுக்க வேண்டும். மட்டைக்கு மாறும்போது உடலைத் தாங்கும் கயிறு அறுபடாமல் இருக்க வேண்டும். உடன்குடிப் பட்டறையிலேயே பழுது பார்க்க முடிய வேண்டும். விலை ஒரு பருவத்து வருமானத்துக்குள் அடங்க வேண்டும். பரீட்சையைச் சென்னையில் மண்டபத்தில் வைக்காமல், சித்திரை மாதத்தில் உடன்குடிப் பனங்காட்டில், நாற்பது மரங்களில், காலையும் மாலையும் ஒரு வாரம் நடத்த வேண்டும். மதிப்பெண் போடும் கமிட்டியில் இரண்டு பனைத் தொழிலாளிகளும், விடிலியில் காய்ச்சும் ஓர் அம்மாளும் இருக்கட்டும்.